நீத்துப்பெட்டியால் அளந்த புட்டு

கர்ப்பத்தின் 26ஆவது வாரத்தில், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்கச் சொன்னார்கள். பட்டினி கிடந்த வயிற்றுக்குள் அந்தத் தித்திப்பு இறங்கியதும் குமட்டிக்கொண்டு வந்தது. வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று பக்கத்திலிருந்த அக்கா பயமுறுத்தியதால், வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு மணிநேரம் இருந்துவிட்டேன். இரண்டாம் மணிநேர இரத்தச் சீனி அளவு, டெசிலீற்றருக்கு 171 மில்லிகிராம். 153ஐத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு என்று கொள்வார்களாம்.

"எங்கள் பக்கத்தில் யாருக்கும் சீனி வருத்தம் இல்லையே" என்றார் மாமி, ஏதோ நான் சீதனத்தோடு கொண்டுவந்ததைப் போல. திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக்கு வந்த மருத்துவ மாதுதான் அவரை உட்காரவைத்து விளக்கினார். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹோர்மோன்கள் தாயின் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. தாயின் இரத்தத்திலுள்ள சீனி பிள்ளைக்குப் போகிறது, தாயின் இன்சுலின் போவதில்லை. அதனால் பிள்ளை தானே இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து அளவுக்கு மீறிக் கொழுக்கிறது.

பிறகு என் சாப்பாட்டுத் தட்டை எடுத்துவரச் சொன்னார். "பாதித் தட்டைக் கீரையும் மரக்கறியும் பிடிக்கட்டும் தங்கச்சி. மிச்சப் பாதியைச் சோறும் மீனும் பங்குபோடட்டும்" என்று விரலால் கோடு கிழித்துக் காட்டினார். என் வழக்கமான சோற்றுக் குவியல் அந்தக் கால் பங்குக்குள் அடங்குவதாக இல்லை.

நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு குரக்கனுக்கு, அதாவது கேழ்வரகுக்கு, மாறினேன். குரக்கன் சீனியை ஏற்றாது என்பது ஊரே சொல்கிற சங்கதி. புட்டு அவிக்கும் ஓலைப் பெட்டியான நீத்துப்பெட்டி நிறையப் புட்டையும் ஒரு கதலிப்பழத்தையும் மனச்சாட்சி உறுத்தாமல் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிநேரம் கழித்து விரலைக் குத்திச் சீனி பார்க்கும் கருவியில் பார்த்தால் 164. 120க்குள் நிற்க வேண்டியது! குரக்கனும் மாச்சத்துத்தான். மறுநாள் அதே புட்டைத் தேநீர்க் கோப்பையால் ஒரு கோப்பை அளந்து, சூடைமீன் குழம்போடும் முருங்கையிலை வறையோடும் சாப்பிட்டேன். 112. அன்றைக்குத்தான் அந்தக் கருவியின் மீது எனக்கு நம்பிக்கை வந்தது. மூன்று இடியப்பத்தோடு முட்டையும் சொதியும், பத்து மணிக்கு ஒரு கைப்பிடி அவித்த கௌபி என்று மற்ற வேளைகளும் மெல்ல மெல்ல ஒழுங்குக்கு வந்தன. கிளினிக்கில் தந்த திரிபோஷா சத்துமாவைச் சீனி சேர்த்து உருண்டை பிடிப்பதையும் நிறுத்தினேன்.

பனங்கட்டி விடயத்தில் மட்டும் மாமி இறங்கிவரவில்லை. "அது பனையிலிருந்து வருவது பிள்ளை, சீனி இல்லை." வாதாடிப் பயனில்லை. அவர் சொன்னபடியே ஒரு பெரிய துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தேன், பிறகு கருவியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். எண்ணைப் பார்த்தவர் ஒன்றும் பேசவில்லை. மாலையில் பனங்கட்டிப் போத்தல் அலுமாரியின் மேல்தட்டுக்குப் போயிருந்தது.

இத்தனைக்கும் காலையில் வெறும் வயிற்று அளவு 95க்குக் கீழே வர மறுத்தது. இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முடித்தேன், கடற்கரையில் இருபது நிமிடம் நடந்தேன். அப்படியும் 99, 101. 33ஆவது வாரத்தில் இரவுக்கு மட்டும் இன்சுலின் எழுதினார் வைத்தியர். கிளினிக் வாங்கில் உட்கார்ந்து அழுதேன். மருத்துவ மாது பக்கத்தில் வந்து இருந்தார். "இரவில் ஈரல் விடுகிற சீனியைப் புட்டைக் குறைத்து எல்லோராலும் நிறுத்த முடியாது. நீங்கள் பிழைவிட்டதால் வந்த ஊசி இல்லை இது" என்றார். அதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

மகள் 3.1 கிலோவோடு பிறந்தாள். முதல் மணிநேரத்துக்குள் பால் கொடுக்கவைத்தார்கள், அவளுடைய குதிகாலில் குத்தியும் சீனி பார்த்தார்கள். அவள் போட்ட சத்தத்தில் நானும் அழுதுவிட்டேன். ஆறு வாரம் கழித்து மறுபடியும் அந்தத் தித்திப்புத் தண்ணீர். இந்த முறை 118. இனி ஆண்டுதோறும் பார்க்க வேண்டும் என்று கொப்பியில் எழுதித் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமி வெறுந்தேநீர் கொண்டுவந்து வைத்தார். பனங்கட்டி இல்லை. அவருடைய கோப்பையிலும் இல்லை.