130 மீட்டருக்குள்

செப்டம்பர் 5, 2023

ஆர்மர்டு கோர் 6 என்கிற ரோபோ சண்டை வீடியோ கேமில் வரும் ஐபிஸ் என்ற எதிரியிடம் இன்று மட்டும் பதினொரு முறை தோற்றேன். இரண்டாம் கட்டம் வரை போனது நான்கு தடவைதான்.

செப்டம்பர் 6

ஆஸ்பத்திரியில் அப்பாவின் கண்புரை ஆபரேஷனுக்கு அளவு எடுத்தாகிவிட்டது. எந்த லென்ஸ் என்று வெள்ளிக்குள் சொல்லச் சொன்னார்கள்.

செப்டம்பர் 6, இரவு

தூக்கம் வரவில்லை. ஆர்மர்டு கோர் 6-ஐத் திறந்து, சண்டைக்குப் போகாமல் எஃப்சிஎஸ் (ரோபோவுக்குக் குறி பிடித்துத் தரும் பாகம்) பட்டியலிலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பொருந்தாத எந்தப் பாகத்தையும் இங்கே வாங்கிய விலைக்கே திருப்பி விற்றுவிடலாம். அந்த தைரியத்தில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன்.

ஒவ்வொரு எஃப்சிஎஸ்ஸுக்கும் மூன்று தூரங்கள்: 130 மீட்டருக்குள், 130 முதல் 260 வரை, அதற்கு மேல். குறி எவ்வளவு சீக்கிரம் எதிரியைப் பிடிக்கும் என்பது இந்த மூன்றிலும் வேறு வேறு. ஒசெல்லஸ் என்கிற எஃப்சிஎஸ் கிட்டத்தில் பிசகவே பிசகாது, எட்டப் போனால் தடுமாறும். விஇ-21ஏ இதற்கு நேர்மாறு. டால்பட் நடுவில் நின்று ஓரளவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். இத்தனை நாளும் நான் போட்டிருந்தது டால்பட்தான். எதையும் இழக்க மனசு வராததுதான் காரணம், வேறொன்றுமில்லை.

ஒசெல்லஸ் என்றால் லத்தீனில் சின்னக் கண். பூச்சிகளின் நெற்றியில் புள்ளி புள்ளியாக இருக்குமே, அந்தக் கண்களுக்கும் இதே பெயர்தான்.

செப்டம்பர் 7

அப்பா பேப்பர் படிக்கும்போது ஸ்கேல் வைத்து அளந்தேன். முகத்திலிருந்து 36 செ.மீ. எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

செப்டம்பர் 8

எல்லா தூரத்துக்குமான லென்ஸ் என்றால் இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாமாம். விடியுமுன் வண்டி எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போகிறவர். எதிரே வருகிற லாரி விளக்கைச் சுற்றி ஒரு வளையம். நினைக்கவே வயிற்றைப் பிசைகிறது. ஒரே தூரத்துக்கானது என்றால் மற்றதற்குக் கண்ணாடி வேண்டும். நான்தான் நாற்பது கேள்வி கேட்டேன். அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். "எனக்கு ரோடு தெரிஞ்சா போதும்பா. பேப்பருக்குக் கண்ணாடி போட்டுக்கறேன்."

செப்டம்பர் 9

இன்று ஜெயிக்கிற எண்ணத்தையே விட்டுவிட்டு, தூரத்தைக் காட்டும் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு ஐபிஸோடு மோதினேன். 80, 110, 300, சட்டென்று 70. கண் இமைப்பதற்குள் பின்னால் வந்துவிடுகிறது. ஆனால் என் இரண்டு கையிலும் ஜிம்மர்மேன், கிட்டத்தில் சுடுகிற ஷாட்கன். அது 300-இல் இருக்கும்போது நான் சுடுவதே இல்லையே! சுடாத தூரத்துக்கு எதற்குக் கண்?

ஒசெல்லஸ் மாட்டினேன். கூடவே பெரிய பூஸ்டரையும் மாட்டியதும் மின்சுமை ஜெனரேட்டரின் வெளியீட்டைத் தாண்டிவிட்டது, கிளம்பவே விடவில்லை. பூஸ்டரைச் சிறியதாக்கினேன், பறப்பது மந்தமாகிவிட்டது. அதைப் பழையபடி வைத்துவிட்டுத் தலையை மாற்றினேன். ஆட்டத்தின் தொடக்கத்தில் கொடுத்த ஃபைண்டர் ஐ தலையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஸ்கேன் தூரம் இந்தச் சண்டையில் எதற்கும் உதவாது. அடி வாங்கித் தள்ளாடி நிற்காமல் தாங்குகிற தலைதான் வேண்டும். கைகளையும் மாற்றினேன். துப்பாக்கித் திறன் குறைந்த கைகளில் எந்த எஃப்சிஎஸ் இருந்தாலும் குறி இழுத்துக்கொண்டுதான் வருகிறது.

செப்டம்பர் 10

எதிரியைத் தானாகவே பின்தொடர்கிற டார்கெட் அசிஸ்ட்டை அணைத்துவிட்டேன். அது இருந்தால் குறி பிடிக்கும் வேகம் குறைகிறது. இனி என் கட்டைவிரல்தான் ஐபிஸைத் துரத்த வேண்டும்.

செப்டம்பர் 11

அப்பா ஏழரைக்கு உள்ளே. எட்டேகாலுக்கு வெளியே. வலது கண்ணில் கட்டு. "வலிக்கலை" என்று மூன்று தடவை சொன்னார், நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

செப்டம்பர் 12

கட்டு பிரித்தார்கள். சுவரில் இருந்த காலண்டர் தேதியைச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "இளைச்சுட்டியே" என்றார்.

ஆட்டத்துக்கு 1.02 அப்டேட் வந்திருக்கிறது, ஐபிஸைக் கொஞ்சம் அடக்கியிருக்கிறார்களாம். நான் இன்னும் இறக்கவில்லை. பழைய ஐபிஸை ஒருமுறையாவது வீழ்த்த வேண்டும்.

செப்டம்பர் 13

சொட்டு மருந்து 6, 10, 2, 6, 10. இரண்டாம் கட்டத்தில் ஐபிஸுக்குக் கால்வாசி உயிர் மிச்சம் இருந்தது, 74 மீட்டர். அடுத்த சொட்டுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. அதற்குள் ஒரு தடவை.