பாமினியில் கிடந்த அப்பாவின் குறிப்புகள்

தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் ரின் அகப்பட்டது. உள்ளே பதினொரு இறுவட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் அப்பாவின் கையெழுத்தில் வருடம் மட்டும், 2003 தொடங்கி 2012 வரை.

“அதுகள் என்ரை வாசிப்புக் குறிப்புகள். எறிஞ்சு போடாதை” என்றார் அப்பா, கதிரையை விட்டு எழும்பாமலே.

அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். வாசிகசாலைக்குப் போய் பேப்பர் பார்ப்பது, புத்தகம் எடுத்து வருவது, வாசித்ததைப் பற்றி நாலு வரி ரைப் பண்ணி வைப்பது என்று ஒரு பத்து வருடம் விடாமல் செய்தவர். நான் தொழிலால் நிரலாளன் இல்லை. பகலில் ஒரு கடைக்குக் கணக்குப் பார்க்கிறேன், இரவில் பைதன் நிரல்மொழியோடு மல்லுக்கட்டுகிறேன். இந்தக் குறிப்புகளை எல்லாம், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட்டுக்கு மாற்றி, தேடக்கூடியதாக ஆக்கிக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. இரண்டு சனி ஞாயிறு போதும் என்று நினைத்தேன். பத்துக் கிழமை போய்விட்டது.

இறுவட்டுகளில் இரண்டு வாசிக்கவே இல்லை. பின்பக்கம் பூஞ்சணம் பிடித்து, மழைத்தண்ணீரில் எண்ணெய் மிதப்பது போல ஒரு நிறம். மற்ற ஒன்பதிலும் 214 கோப்புகள். பெரும்பாலானவை பழைய வேர்ட் கோப்புகள், கொஞ்சம் வெறும் எழுத்துக் கோப்புகள். எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்.

பாமினியில் ரைப் பண்ணியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்கு: கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துத்தான், எழுத்துரு மட்டும் அதன் மேல் தமிழ் முகமூடி போட்டிருக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று கிடக்கும். கமா விசையில் ‘இ’ இருக்கும், கமா வேண்டுமென்றால் ‘பெரிது’ குறியைத் தட்ட வேண்டும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அப்பாவின் பத்து வருட வாசிப்பும் பூனை விசைப்பலகையில் நடந்துபோன மாதிரித் தெரியும்.

மாற்றிக் கொடுக்கும் கருவிகள் ஏற்கெனவே எத்தனையோ உண்டு. ஒவ்வொரு பக்கமாக ஒட்டி, மாற்றி, வெட்டி எடுக்கலாம். 214 கோப்புக்கு அது சரிவராது. அதோடு, சொந்தமாக எழுதிப் பார்க்கும் ஆசையும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

முதல் சனிக்கிழமையே அட்டவணை தயார். எந்த விசைக்கு எந்த எழுத்து என்று ஒரு அகராதி, நீளமானதை முதலில் மாற்று என்று ஒரு விதி. ஓடவிட்டேன். தமிழ் வந்தது, ஆனால் கொம்பு எல்லாம் இடம் மாறி நின்றது. பாமினியில் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில்தான் தட்டுவோம். ‘கெ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு ‘க’. யூனிகோட்டில் உச்சரிக்கும் ஒழுங்கு, ‘க’ முதல், கொம்பு பிறகு. சரி, கொம்பையும் அடுத்த எழுத்தையும் இடம் மாற்றி விட்டேன். திரையில் எல்லாம் அழகாக வந்தது. அன்றிரவு நல்ல நித்திரை.

அடுத்த நாள் காலை அப்பாவை இருத்தி, “ஏதாவது தேடிப் பாருங்கோ” என்றேன். அவர் முதலில் தட்டியது எங்கள் ஊரை, ‘கோண்டாவில்’. ஒன்றும் வரவில்லை. திரையில் கண்முன்னால் கோண்டாவில் என்று இருக்கிறது, தேடினால் இல்லை.

“கண்ணுக்குத் தெரியுது, கைக்கு எட்டேல்லை” என்று சொல்லிவிட்டு அவர் பிளேன்ரீ குடிக்கப் போய்விட்டார்.

அரை நாள் போனது. ‘கோ’ வில் உள்ள ‘ோ’ யூனிகோட்டில் ஒரே குறி. என் நிரலோ கொம்பையும் காலையும் தனித்தனியாக விட்டிருந்தது. எழுத்துரு இரண்டையும் ஒரே மாதிரி வரைந்து காட்டும், கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். பைதனிலேயே இதற்கு மருந்து இருக்கிறது: யூனிகோட் இயல்பாக்கம் என்று ஒரே ஒரு வரி, கொம்பும் காலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்றாக்கிவிடும். கோண்டாவில் 61 இடத்தில் வந்தது.

ஆனால் அந்த ஒரு வரி ‘ஔ’ காரத்துக்கு உதவவில்லை. பாமினியில் ‘கௌ’ எழுத, கொம்பு, ‘க’, பிறகு ‘ள’ தட்டுவோம். அந்த ‘ள’ உண்மையான ளகரமா, ஔகாரத்தின் வாலா என்று கோப்பில் எந்த அடையாளமும் இல்லை. இணையத்தில் ‘கெளரவம்’, ‘பெளத்தம்’, ‘மெளனம்’ என்று கொம்புக்குப் பிறகு ளகரம் போட்ட பிழையான வடிவங்கள் நிறையக் கிடக்கின்றன அல்லவா, அவற்றில் கணிசமானவை இந்த வழியாக வந்தவையாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஔகாரமாக மாற்று என்று விதி போட்டால் அப்பாவின் மீன்சந்தைக் குறிப்பில் இருந்த ‘கெளிறு’ உடைந்து, ‘கௌ’வுக்குப் பின்னால் ஒரு விசிறி (‘ி’) மட்டும் தனியே தொங்கியது. ‘வெள்ளம்’ இன்னும் மோசம்.

கடைசியில் கண்டுபிடித்த விதி சின்னது. அந்த ‘ள’வுக்குப் பிறகு புள்ளியோ விசிறியோ காலோ வந்தால் அது உண்மையான ளகரம், ஒன்றும் இல்லாமல் வெறுமனே நின்றால் ஔகாரம். கௌரவம், மௌனம், சௌக்கியம், வௌவால் எல்லாம் சரியாக வந்தன. கெளிறும் பிழைத்தது. 214 கோப்பிலும் இந்த விதி தவறிய இடம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. இந்தப் பத்துக் கிழமையில் எனக்கு அதிகம் பிடித்த மூன்று வரி நிரல் இதுதான்.

ஆங்கிலம் கலந்த இடங்கள் வேறு கரைச்சல். 2010ஆம் ஆண்டுக் கோப்பு ஒன்றில் ‘குயஉநடிழழம’ என்று ஒரு சொல் வந்தது. இரண்டு நிமிடம் யோசித்துவிட்டுச் சிரித்தேன். பேஸ்புக். வேர்ட் கோப்புகளுக்குத் தீர்வு இலகு: லிப்ரே ஒபிஸால் புதிய வடிவத்துக்கு மாற்றினால், அது உண்மையில் ஒரு சிப் (zip) பொதி. அதற்குள் ஒவ்வொரு துண்டு எழுத்தும் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று எழுதியிருக்கும். பாமினி என்று இருந்தால் மாற்று, இல்லையென்றால் தொடாதே. வெறும் எழுத்துக் கோப்புகளில் அந்தத் தகவல் இல்லை. அங்கே அரைப்புள்ளியை எண்ணினேன். பாமினியில் மெய்யெழுத்துக்கு எல்லாம் புள்ளி அந்த விசையில்தான், ஆகவே தமிழ் வரியில் அரைப்புள்ளி மழை மாதிரிப் பொழிந்திருக்கும். ஆங்கில வரியில் ஒன்று கண்டால் பெரிது. ஒரே வரியில் இரண்டும் கலந்த ஒரு முப்பது இடத்தைக் கையால் திருத்தினேன்.

தேடலில் இன்னொரு கிணறு. பைதனில் ‘சொல்’ என்று வழக்கமாகப் பிடிக்கும் முறையைத் தமிழுக்குக் கொடுத்தால், உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கெடுக்காது. ‘தமிழ்’ என்பதை ‘தம’, ‘ழ’ என்று இரண்டாக நறுக்கித் தரும். தமிழ்க் குறியீடுகள் இருக்கும் எல்லை முழுவதையும் நானே எழுதிக் கொடுத்ததும் சரியானது. வேற்றுமை உருபுப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. ‘மரம்’ தேடினால் ‘மரத்தில்’ வராது. ‘மர’ என்று முன்பகுதியைத் தேடினால் மரபு, மரணம், மரக்கறி, மரவள்ளி என்று ஊரே வரும். இப்போதைக்கு ‘ம்’ முடிவு மட்டும் ‘த்து’ வடிவத்தையும் சேர்த்துத் தேடுகிறது. மிச்சம் பிறகு.

கோப்புகளில் ஒன்றின் பெயர் ‘எரிந்தவை’. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 வரையான நூல்கள் போயின என்பது எங்களுக்கு வாய்ப்பாடு மாதிரி. அப்பா அந்தக் கோப்பில், அதற்கு முன்னர் தான் அங்கே எடுத்து வாசித்த புத்தகங்களை ஞாபகத்திலிருந்து எழுதியிருந்தார். 38 பெயர்கள். 16 பெயர்களுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. அட்டையின் நிறம் மட்டும் ஞாபகமுள்ள புத்தகமும் ஒன்று உண்டு, ‘பச்சை மட்டை, கப்பல் கதை?’ என்று. சிலவற்றை ‘நூலகம்’ என்ற இணைய எண்ணிம நூலகத்தில் தேடி, கேள்விக்குறியை எடுத்துவிட்டோம். பச்சை மட்டை இன்னும் அப்படியே.

ஆறாம் கிழமை அப்பா ‘ஆசனம்’ என்று தேடினார். அங்கேதான் வேலை வேறு பக்கம் திரும்பியது.

2010 ஏப்ரல் குறிப்பு வந்தது. பாராளுமன்றத் தேர்தல், யாழ் தேர்தல் மாவட்டம், அதாவது கிளிநொச்சியும் சேர்த்து, மொத்தம் 9 ஆசனம். தமிழரசுக் கட்சி 65,119 வாக்கு, 5 ஆசனம். ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 47,622, 3 ஆசனம். ஐக்கிய தேசியக் கட்சி 12,624, ஒன்று. அப்பா உள்ளே போய் 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தல் முடிவு வந்த பேப்பர் வெட்டு ஒன்றை எடுத்து வந்தார்.

“இஞ்ச பார் தம்பி. அண்டைக்கு 65 ஆயிரத்துக்கு அஞ்சு. இப்ப அதே கட்சிக்கு 63,327, ஆசனம் ஒண்டு. 27,855 எடுத்த சுயேச்சைக் குழு 17க்கும் ஒண்டு. இது என்ன கணக்கு?”

எனக்கும் தெரியவில்லை. தெரியாததை நிரலாக எழுதிப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. விதி அரசியலமைப்பின் 99ஆம் உறுப்புரையில் இருக்கிறது. மாவட்டத்தில் கூடுதல் வாக்கு எடுத்த கட்சிக்கு முதலில் ஒரு போனஸ் ஆசனம். மாவட்டத்தின் வாக்கை, ஆசனத் தொகையில் ஒன்றைக் குறைத்து வரும் எண்ணால் பிரித்து, பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்தினால் ஒரு ஆசனத்தின் விலை. அந்த விலை ஒரு கட்சியின் வாக்கில் எத்தனை தரம் முழுதாக அடங்குகிறதோ அத்தனை ஆசனம். அப்புறமும் ஆசனம் மிஞ்சினால், மீதி வாக்கு யாரிடம் அதிகமோ அவர்களுக்கு ஒவ்வொன்றாக.

முப்பது வரி. 2024 எண்களைக் கொடுத்து ஓடவிட்டால், தேசிய மக்கள் சக்திக்கு 2, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணிக்கு ஒன்று என்று வந்தது. உண்மையில் நடந்தது தேசிய மக்கள் சக்தி 3, தமிழரசு 1, தமிழ்க் காங்கிரஸ் 1, சுயேச்சைக் குழு 17க்கு 1. எங்கே பிழை? செல்லுபடியான 325,312 வாக்கையும் அப்படியே பிரித்திருந்தேன். 5 வீதத்துக்குக் குறைவாக எடுத்தவர்களின் வாக்கைக் கழித்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். கழித்தால் 240,241. மொத்தம் 6 ஆசனம், ஒன்றைக் குறைத்து 5ஆல் பிரித்தால் விலை 48,049. தேசிய மக்கள் சக்தியின் 80,830இல் விலை ஒரு தரம் அடங்கி 32,781 மீதி. தமிழரசுக்கும் ஒரு தரம், மீதி 15,278 மட்டும். மிச்ச மூன்று ஆசனமும் மீதியில் முன்னுக்கு நின்ற மூவருக்கு: 32,781 வைத்திருந்த தேசிய மக்கள் சக்தி, 27,986 எடுத்த தமிழ்க் காங்கிரஸ், அதற்கு 131 வாக்குப் பின்னால் நின்ற சுயேச்சைக் குழு. கணக்குச் சரி.

2010ஐப் போட்டால் விலை 15,671 தான். பட்டியலில் ஏழு லட்சத்துக்கு மேல் பெயர் இருந்ததால் 9 ஆசனம், ஆனால் செல்லுபடியான வாக்கோ 148,503. போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, பெயர் இருந்தவர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். மலிந்த சந்தையில் 65 ஆயிரத்துக்கு நாலு வாங்கி, போனஸோடு ஐந்து.

அப்பா விடவில்லை. “தமிழரசையும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியையும் சேர்த்துப் போடு.” 63,327உம் 22,513உம் சேர்த்தால் 85,840. போனஸ் அந்தப் பக்கம் போகிறது. ஓடவிட்டால் சேர்ந்த அணிக்கு 3, தேசிய மக்கள் சக்திக்கு 2, தமிழ்க் காங்கிரஸுக்கு 1, சுயேச்சைக்கு ஒன்றுமில்லை. சனம் கூட்டல் கணக்கு மாதிரி வாக்குப் போடுவதில்லை, சேர்ந்து நின்றிருந்தால் சிலர் வேறு பக்கம் போயிருப்பார்கள் என்று சொன்னேன். “அது எனக்குத் தெரியும். நான் கணக்கைத்தான் கேட்டனான்” என்றார்.

இப்போது நிலைமை இது. 214 கோப்பில் 205 முடிந்தது. மிச்ச ஒன்பதும் அட்டவணை போட்டவை, கட்டம் கட்டமாக உடைந்து வருகின்றன. பூஞ்சணம் பிடித்த இரண்டு இறுவட்டையும் ஒருவர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், பார்ப்போம்.

போன ஞாயிறு அப்பா அந்தத் தேர்தல் கணக்கை அச்செடுத்து, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, வாசிகசாலைக்குக் கொண்டு போனார். ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்தவர் சைக்கிளை மதிலில் சாத்தாமலே கேட்டார்: “1988 திருத்தத்துக்கு முந்தி 5 வீதம் இல்லையாம், எட்டில் ஒரு பங்காம். அப்பிடியெண்டால் போன முறை என்ன வரும்?”

ஓர் எண்ணை மாற்றினேன். தேசிய மக்கள் சக்தி 4, தமிழரசு 2, வேறு யாருக்கும் இல்லை. துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு திரும்பவும் சைக்கிளில் ஏறினார். சாப்பாடு ஆறிப்போகுது என்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டது அவருக்குக் கேட்டிருக்காது.