வாரத்துக்கு ஒரு காய்ச்சல்

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எங்கள் வார்டுக்கு வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கும் காய்ச்சல் இருக்காது. காய்ச்சலை வாங்கிக்கொண்டு போக வந்தவர்கள் அவர்கள்.

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் செவிலியராக இருந்த காலம் அது. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் வந்தவர்களுக்கு பெக்-இன்டர்ஃபெரான் ஊசி போடுவது என் பொறுப்பு. வாரத்துக்கு ஒன்று, பெரும்பாலானவர்களுக்கு 24 வாரம், சிலருக்கு 48. கூடவே தினமும் ரிபாவைரின் மாத்திரை. ஊசி போட்ட நாலைந்து மணி நேரத்தில் குளிர் வரும், உடம்பு முறுக்கும், தலை வெடிக்கும். சனிக்கிழமை சாயங்காலம் போட்டுக்கொண்டால் ராத்திரி தூக்கத்தோடு பாதி போய்விடும், ஞாயிறு சுருண்டு படுத்துக்கொள்ளலாம், திங்கள் வேலைக்குப் போகலாம். ஊசிக்கு அரைமணி முன்னால் ஒரு பாராசிட்டமால். அப்புறம் வயிற்றில் இந்தப் பக்கம் ஒரு வாரம், அந்தப் பக்கம் ஒரு வாரம், தோலுக்கடியில் மெல்லிய ஊசி. அவ்வளவுதான் வேலை.

பெக் என்பது மருந்து உடம்பில் ஒரு வாரம் தங்குவதற்காக அதோடு ஒட்டவைத்த ஒரு வேதிப்பொருளின் சுருக்கப் பெயர். இதை யாரிடம் சொல்ல? குடியை விட்டுவிட்டு வந்த ஒருவர் ஒவ்வொரு வாரமும் சட்டையைத் தூக்கிக்கொண்டே, "டாக்டர் குடிக்கக் கூடாதுங்கறாரு, நீங்க வாரத்துக்கு ஒரு பெக் ஏத்தறீங்க" என்பார். பதினைந்தாவது வாரம்வரை சொன்னார். அதற்கப்புறம் சொல்லவில்லை. ஜோக் சொல்லும் தெம்பும் இல்லாத அளவுக்கு ரத்தம் குறைந்துவிட்டது.

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு நெசவாளி வருவார். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். மூன்றாவது ஊசியின்போது கேட்டார்: "ஏனுங்க சிஸ்டர், இது காய்ச்சலுக்குப் போடற ஊசியா, காய்ச்சல் வர்றதுக்குப் போடற ஊசியா?"

சிரித்து மழுப்பிவிட்டேன். பதில் தெரிந்து மழுப்பியதில்லை. நர்சிங் படிக்கும்போது இன்டர்ஃபெரான் என்று ஒரு வரி வந்தது, வைரஸுக்கு எதிரான மருந்து என்று. வைரஸைக் கொல்லும் மருந்து, காய்ச்சல் அதன் பக்கவிளைவு, நம் கெட்ட நேரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

2009இல் பன்றிக்காய்ச்சல் பயம் வந்தது. அந்த ஃப்ளூவுக்கான டாமிஃப்ளூ மாத்திரை முதலில் அரசு வழியாக மட்டும்தான் கிடைத்தது. வார்டில் எல்லாரும் முகக்கவசத்தோடு திரிந்தோம். அந்த அண்ணன்தான் மறுபடி ஆரம்பித்தார். "ஃப்ளூவும் வைரஸுதானுங்களே? எனக்குப் போடறதுல கொஞ்சம் அவங்களுக்கும் போட்டா என்ன?" இந்தத் தடவை மழுப்ப மனசு வரவில்லை. மறுநாள் டீ நேரத்தில் எங்கள் டாக்டரிடம் கேட்டேன். அவர் கிளாஸைக் கீழே வைத்தார். அவர் கிளாஸைக் கீழே வைத்தால் டீ ஆறிப்போகும் என்று எங்களுக்கெல்லாம் தெரியும்.

இந்த மருந்து பிறந்ததே ஃப்ளூ வைரஸிலிருந்துதான் என்றார். 1957, லண்டனில் மில் ஹில் ஆராய்ச்சி நிலையம். அலிக் ஐசக்ஸ் என்பவரும் சுவிட்சர்லாந்திலிருந்து வந்திருந்த ஜான் லிண்டன்மன் என்பவரும் கரு வளரும் கோழி முட்டைக்குள் இருக்கும் சவ்வைத் துண்டு துண்டாக வெட்டி, சூடுகாட்டிச் செத்துப்போன ஃப்ளூ வைரஸை அதன்மேல் விட்டார்கள். பிறகு அந்தச் சவ்வு ஊறிய தண்ணீரை மட்டும் எடுத்துப் புதுச் சவ்வில் ஊற்றினார்கள். புதுச் சவ்வில் உயிருள்ள வைரஸை விட்டாலும் அது வளரவில்லை. தண்ணீரில் என்னவோ இருந்தது. வைரஸின் வேலையில் குறுக்கிடுவதால் அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானில் நகானோவும் கோஜிமாவும் 1954இலேயே முயல் தோலில் இதே மாதிரி ஒன்றைக் கவனித்திருந்தார்கள்.

எனக்கு அதில் முட்டைதான் பிடித்துக்கொண்டது. நாமக்கல் முட்டை லாரிகள் போகும் ரோட்டில்தான் நான் தினமும் பஸ்ஸுக்கு நிற்பேன். அடுக்கடுக்காகப் போகும் அந்த அட்டைகளைப் பார்த்து, இதற்குள்ளிருந்துதானே என்று நினைத்துக்கொள்வேன். கடைக்கு வரும் முட்டையில் குஞ்சாகும் கரு கிடையாது, சேவல் இல்லாமல் இடும் முட்டை என்பதெல்லாம் பிறகுதான் உறைத்தது. ஆய்வகத்துக்கு வேண்டியது பத்து நாள் அடைகாத்த முட்டை.

இன்டர்ஃபெரான் வைரஸைத் தொடுவதே இல்லை. இதுதான் எனக்குப் புதுச் செய்தி. ஒரு செல்லுக்குள் ஃப்ளூ வைரஸ் நுழைந்து மரபுச் செய்தி தாங்கிய தன் ஆர்என்ஏவை நகல் எடுக்கத் தொடங்கியதும் செல்லுக்குள் காவலிருக்கும் புரதங்கள் அதை மோப்பம் பிடிக்கின்றன. உடனே அந்தச் செல் இன்டர்ஃபெரானை வெளியே விடுகிறது. பெரும்பாலும் அதன் கதை அங்கே முடிந்துவிடும். பலன் பக்கத்துச் செல்களுக்குத்தான். சேதி கிடைத்ததும் அவற்றில் முந்நூறுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. ஒரு புரதம் வைரஸ் உள்ளே நுழையும் இடத்தில் தாழ்ப்பாள் போடுகிறது. இன்னொன்று உள்ளே வந்த ஃப்ளூ வைரஸைப் பிடித்துவைக்கிறது. அந்த ஒன்றுக்கு எம்எக்ஸ் என்று பெயர். அதன் தடயத்தைக் கண்டதும் அதே லிண்டன்மன்தான், 1962இல், ஃப்ளூ கொடுத்தும் சாகாத ஒரு எலி இனத்தில். வேறு சில புரதங்கள் செய்வதுதான் விபரீதம். செல்லுக்குள் இருக்கும் ஆர்என்ஏவை வெட்டித் தள்ளுகின்றன, புரதம் தயாரிக்கும் வேலையையே நிறுத்துகின்றன. வைரஸுடையது, நம்முடையது என்ற பாகுபாடு அதிகம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அண்ணனிடம் சொன்னேன். உங்கள் தெருவில் ஒரு தறிக்கூடத்தில் தீப்பிடித்தால் பக்கத்துக் கூடத்துக்காரர் என்ன செய்வார்? "மெயினை அமத்துவாரு." அதுதான் இந்த ஊசி, தீயை அணைக்காது, தெருவில் எல்லாரையும் மெயினை அமத்தச் சொல்லும் என்றேன். எனக்கே என்னைப் பிடித்துப்போன நேரம் அது. அவர் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டே யோசித்தார்.

"மெயினை அமத்தினா தீ பரவாது, சரிங்க. ஆனா கூலியும் நின்னுருமுங்களே. தீயே இல்லாத தெருவுல இருபத்திநாலு வாரம் அமத்தி வெச்சா?"

அவர் கேட்டதைத்தான் நாங்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்டர்ஃபெரான் செல்கள் பெருகுவதையும் தடுக்கும். 1986இல் அமெரிக்காவில் அதற்கு முதலில் அனுமதி கிடைத்ததே ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குத்தான். எலும்பு மஜ்ஜையில் செல்கள் பெருகிக்கொண்டே இருக்க வேண்டும், அங்கேயும் போய் இது நிறுத்து என்கிறது. வெள்ளணுக்கள் இறங்கும், தட்டணுக்கள் இறங்கும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகை 750க்குக் கீழே போனால் ஊசியின் அளவைக் குறைப்போம், 500க்குக் கீழே போனால் நிறுத்திவைப்போம். சீட்டு வரும்வரை பெஞ்சில் இருப்பவர்கள் பரீட்சை ரிசல்ட் பார்ப்பவர்கள் மாதிரி என் முகத்தையே பார்ப்பார்கள்.

சீட்டில் வராத ஒன்றும் இருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக்கொலுசு வேலை செய்யும் ஒருவர், நாற்பது வயது இருக்கும், பன்னிரண்டாவது வாரத்தில் பேச்சைக் குறைத்தார். உடம்பு அசதி என்று விட்டுவிட்டேன். ஒருநாள் அவர் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கொலுசு பத்த வைக்கிற விளக்க ஏத்திட்டு அப்படியே பாத்துட்டு உக்காந்திருக்காரு சிஸ்டர், வேலயும் செய்யறதில்ல, அணைக்கறதும் இல்ல" என்றார். இன்டர்ஃபெரான் மனச்சோர்வு தரும் என்று மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளில் அச்சடித்திருந்தது. அந்தத் தாளை நூறு தடவை மடித்துப் போட்டிருக்கிறேன். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அனுப்பினோம், ஊசியை நிறுத்தினோம். அவர் பிழைத்து எழுந்துவிட்டார். ஆனால் மூன்று வாரம் நான் பார்த்தும் பார்க்காமல் இருந்தேன் என்பது இருக்கத்தான் செய்கிறது.

ஏற்காட்டிலிருந்து ஒரு அம்மா வருவார், காபித் தோட்டத்தில் வேலை. என்னைக் கண்ணு என்றுதான் அழைப்பார். ஒரு மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து அவரால் இறங்க முடியவில்லை. ஊசி தள்ளிப்போகக் கூடாதே என்று, பாதை திறந்ததும் என் விடுமுறை நாளில் நானே மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும், குலுங்கக் கூடாது. இருபது கொண்டை ஊசி வளைவு, மடியில் ஒரு ஊசி. பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி போனேன். பக்கத்தில் இருந்தவர், "உள்ள என்னம்மா, மீனா?" என்றார்.

மேலே போய்த் திறந்தால் மருந்து உறைந்திருந்தது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பையின் மேலேயே, நடுவில் ஒரு துணிகூட வைக்காமல், சிரிஞ்சை வைத்திருக்கிறேன். சூடு படக் கூடாது என்பதிலேயே குறியாக இருந்தவளுக்குக் குளிரும் கெடுக்கும் என்பது மறந்துவிட்டது. அது ஒரு புரதம். உறைந்து உருகினால் தண்ணீர் மாதிரித்தான் தெரியும், ஆனால் நம்பிப் போட முடியாது. அந்த அம்மா எனக்குக் கருப்பட்டி போட்டுக் காபி கொடுத்து, "போனா போகுது கண்ணு, இந்த வாரம் காய்ச்சல் இல்லாம தூங்கறேன்" என்றார். விலையில் பாதியை மருத்துவமனை ஏற்றுக்கொண்டது, மீதி என் சம்பளத்தில் நாலு மாதம் பிடித்தார்கள். வேறு சிரிஞ்சோடு மறுநாள் திரும்பவும் மலை ஏறினேன், துண்டு சுற்றி.

அந்த வருஷம் மார்கழியில் எனக்கே ஃப்ளூ வந்தது. தொண்டையில் லேசான கரகரப்பு, சாயங்காலம் குளிர், ராத்திரி எலும்புக்குள் ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி வலி. எலும்புக்குள் ஈரத்துணி என்பது என் வார்த்தை இல்லை. பெஞ்சில் இருந்தவர்கள் சொல்லிச் சொல்லி நான் சீட்டில் 'உடல்வலி' என்று எழுதிக்கொண்டது. அவர்கள் உடம்பில் ஃப்ளூ வைரஸ் ஒன்றுகூட இருந்ததில்லை, ஊசி மட்டும்தான். அப்படியானால் எனக்கு வலிப்பதில் பெரும்பங்கு வைரஸ் இல்லை, என் செல்களே ஒன்றுக்கொன்று விடும் கூப்பாடு. கம்பளிக்குள் கிடந்தபடி அண்ணன் கேட்ட முதல் கேள்வி ஞாபகம் வந்தது.

ஃப்ளூவுக்கு ஏன் இதைப் போடுவதில்லை என்பதும் அப்போதுதான் உடம்புக்குப் புரிந்தது. நோயாளி எங்களிடம் வரும்போது கூப்பாடு ஏற்கனவே உச்சத்தில் இருக்கிறது. அதற்கு மேல் கத்தி என்ன ஆகப்போகிறது? வைரஸும் சும்மா இருப்பதில்லை. தொடக்கத்தில் சத்தம் கேட்காமல் வாயைப் பொத்துவதற்கென்றே என்எஸ்1 என்ற புரதத்தைச் செல்லுக்குள் வந்ததும் தயாரித்துக்கொள்கிறது. முன்கூட்டியே கொடுத்தால் பலன் இருக்கலாம் என்று மூக்கில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். சோவியத் நாட்டில் ஃப்ளூவுக்கே அப்படிப் பயன்படுத்தினார்கள். இங்கிலாந்தில் சால்ஸ்பரியில் 1970களில் சளிக்குச் சோதித்தபோது பலன் தெரிந்தது. ஆனால் அந்த அளவு மருந்து சேர்க்க, பின்லாந்தில் காரி கான்டெல் என்ற ஆராய்ச்சியாளர் ஆயிரக்கணக்கானவர்கள் தானம் செய்த ரத்தத்தின் வெள்ளணுக்களிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. கோழியினுடையது மனிதனுக்குச் சரிவராது. 1980இல் சுவிட்சர்லாந்தில் சார்லஸ் வைஸ்மன் குழு மனித இன்டர்ஃபெரான் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்த பிறகு மருந்துக்குப் பஞ்சம் தீர்ந்தது. நாள்கணக்கில் மூக்கில் விட்டால் மூக்கு காய்ந்து ரத்தம் வருகிறது என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. சளியைத் தடுக்கப் போய்ச் சளி பிடித்த மூக்கு.

டாமிஃப்ளூ வேறு வழியில் போகிறது. செல்லை ஒன்றும் செய்யாமல், புது வைரஸ்கள் செல்லை விட்டுக் கிளம்ப முடியாமல் பிடித்துவைக்கிறது. 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நல்லது என்று அதற்கும் ஒரு அவசரம் உண்டு.

2003இல் லாம்டா என்ற வகை இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்தார்கள். மூச்சுப்பாதை, குடல் போன்ற இடங்களின் மேல்பூச்சுச் செல்கள்தான் பெரும்பாலும் அதற்குச் செவிசாய்க்கும், எலும்பு மஜ்ஜை தப்பிக்கும் என்று நம்பிக்கை பிறந்தது. 2020இல் எலிகளில் செய்த ஆய்வுகள் இன்னொரு பக்கத்தைக் காட்டின. நோயின் பிற்பகுதியிலும் அது நீடித்தால், புண்பட்ட நுரையீரல் புதுச் செல் வைத்துத் தன்னைத் தைத்துக்கொள்வதைத் தடுக்கிறது. அதே வருஷம் உலக சுகாதார நிறுவனத்தின் சோதனையில், மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு இன்டர்ஃபெரானில் பீட்டா வகை கொடுத்தும் இறப்பு குறையவில்லை. படித்தபோது, "தீயே இல்லாத தெருவுல" என்ற குரல்தான் காதில் கேட்டது.

எங்கள் சனிக்கிழமை பெஞ்ச் 2015இல் காலியானது. ஹெபடைடிஸ் சிக்கான சோஃபோஸ்புவிர் மாத்திரை இந்தியாவிலேயே தயாராகி வந்துவிட்டது. ஃப்ரிட்ஜில் பெக் இருந்த தட்டில் இப்போது இன்சுலின்.

போன வருஷம் ஒருநாள் நாலு ரோடு பக்கம் தட்டுவடை செட் கடையில் நின்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து, "ஏனுங்க சிஸ்டர்" என்று குரல். அம்மாப்பேட்டை அண்ணன். தலை நரைத்திருந்தது, மற்றபடி திடமாக இருந்தார். 24 ஊசியும் முடித்து வைரஸ் போய்விட்ட ஆள்.

"அந்தக் காய்ச்சல் ஊசி இன்னும் போடறீங்களா?"

"இல்லைங்கண்ணே, மாத்திரை வந்துருச்சு. மூணு மாசம். காய்ச்சலே வராது."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"ஒண்ணுகூடவா வராது?"

கடைக்காரர் தட்டை நீட்டினார். அண்ணன் இன்னொரு செட் சொல்லி, காரம் தூக்கலாகப் போடச் சொன்னார்.