சின்னவன் கேட்ட வெள்ளம்

ஆட்டிசம் உள்ள என் இளைய மகனின் பேச்சைச் சோதித்த இடத்தில் படஅட்டையை நீட்டி, "தண்ணீர் எது, காட்டு" என்றார்கள். சின்னவன் அட்டையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தான். அடுத்த அட்டை, அதற்கடுத்தது. கடைசியில், 'சொற்கள் புரியவில்லை' என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் என் பையிலிருந்த பாட்டிலைப் பிடித்து இழுத்து "வெள்ளம்" என்றான். அப்போது அவனுக்கு மூன்று வயது. அவனிடம் இருந்ததே ஆறேழு சொற்கள்தான்.

களியக்காவிளைப் பக்கம் நாங்கள் தண்ணீரை வெள்ளம் என்போம். பலாப்பழம் எங்களுக்குச் சக்கை, மரவள்ளி மரச்சீனி, பூனை பூச்சை. புத்தகத் தமிழ் பள்ளிக்கூடம் போன பிறகு வருவது. அட்டையில் இருந்தது அந்தத் தமிழ். அதைச் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. தாளை மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

நான் ரப்பர் பால்வெட்டுகிறவன். இரண்டு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சின்னவன் திரும்பாதபோது, காதுதான் கேட்கவில்லை என்று நினைத்தோம். தூங்க வைத்து 'பெரா' பரிசோதனை செய்தார்கள். காது நன்றாக இருந்தது. அதன் பிறகு, குழந்தை வளர்ச்சி மருத்துவர் ஒருவர் இருபது கேள்விகள் உள்ள தாளை வைத்துக்கொண்டு எங்களிடம் கேட்டார். வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவானா என்பது அதில் ஒன்று. அவன் விரல் நீட்டியதே இல்லை, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். அதை அவன் பிரியம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பிரியமும்தான். ஆனால் மருத்துவர் அதை வேறு விதமாகக் குறித்துக்கொண்டார்.

ஆட்டிசம் என்று பெயர் தெரிந்ததும் ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். ஒருவர், "வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், இங்கிலீஷே பேசுங்கள், பள்ளிக்கு உதவும்" என்றார். ஆறு மாதம் அப்படியே செய்தோம். என் அம்மைக்கு இங்கிலீஷ் தெரியாது. பேரன் பக்கத்தில் இருக்கும்போது பேசக் கூடாதென்று நினைத்து வாயை மூடிக்கொண்டாள். அவனுக்குச் சோறு ஊட்டும்போதுகூட ஒரு சத்தம் கிடையாது. முன்பு ஊட்டும்போது "மக்களே, ஒரு வாய், ஒரு வாய்" என்று ராகம் போடுவாள், அவனும் கூடவே முனகுவான். அந்த முனகலும் நின்றுபோயிற்று. அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

நாகர்கோவிலில் ஒரு தெரபி சென்டருக்குப் போனோம். பிள்ளையை உள்ளே விட்டதும் கதவைச் சாத்திவிடுவார்கள். முக்கால் மணி நேரம் கழித்துத் திருப்பித் தருவார்கள். உள்ளே என்ன செய்தார்கள், வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூடச் சொன்னதில்லை. இன்னொரு பெற்றோர் சொல்லித்தான் ஆர்.சி.ஐ. பதிவு எண்ணைக் கேட்க வேண்டும் என்பதே தெரிந்தது. பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர், சிறப்பாசிரியர் ஆகியோருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் (ஆர்.சி.ஐ.) பதிவு இருக்க வேண்டும். அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அந்தப் பட்டியலில் வரமாட்டார், அவரிடம் பட்டம் என்ன என்று கேட்கலாம். கேட்க நான் கூச்சப்பட்டேன். நீங்கள் கூச்சப்படாதீர்கள்.

பிறகு திருவனந்தபுரம். ஆக்குளத்தில் இருக்கிற நிஷ் என்ற பேச்சு, கேட்பு நிறுவனத்தில் மதிப்பீடு செய்துகொண்டு, வாரந்தோறும் போக நகரத்திலேயே ஒரு பேச்சுப் பயிற்சியாளரைத் தேடிப் பிடித்தோம். மலையாளி. முதல் நாள் அவர் அட்டை எதையும் எடுக்கவில்லை. "வீட்டில் யாரெல்லாம் இருக்கிறீர்கள், இவனிடம் யார் எப்படிப் பேசுவீர்கள்" என்று கேட்டார். அன்று சின்னவன் "வெள்ளம்" என்றதும் சட்டென்று டம்ளரை எடுத்து நீட்டினார். அவருடைய மொழியிலும் அதுதானே சொல். இனி மலையாளத்திலேயே பேசட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் சேட்டா, பாட்டி பேசுகிறபடி பேசுங்கள்" என்றார். இரண்டு மொழி காதில் விழுவதால் ஆட்டிசம் அதிகமாகாது, பேச்சும் அதனால் தள்ளிப்போகாது, வீட்டு மொழியைப் பிடுங்கினால்தான் பிள்ளைக்குப் பேச்சுத் துணை குறையும் என்று விளக்கினார். வீட்டில் தினமும் புழங்கும் ஐம்பது சொற்களை எழுதி வரச் சொன்னார். அம்மைதான் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள்: சக்கை, ஏத்தம்பழம், பூச்சை, பால்வாளி. அந்த நோட்டில் இருந்துதான் பயிற்சி தொடங்கியது. நான் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பேன். கடைசிப் பத்து நிமிடம் நான் செய்ய, அவர் பார்த்துத் திருத்துவார்.

எல்லையில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. தெரபிக்குக் கேரளம் போனாலும் ஊனச் சான்றிதழுக்குச் சொந்த மாவட்டத்திலேயே விண்ணப்பிக்கலாம். எங்களுக்கு நாகர்கோவில். ஆட்டிசத்தை மதிப்பிடும் இசா என்ற அளவுகோலில் 40 கேள்விகள், 70 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் வந்தால் ஆட்டிசம் என்று கணக்கு. யு.டி.ஐ.டி. என்ற ஊனமுற்றோர் அடையாள அட்டை கிடைத்தால் நாடு முழுவதும் செல்லும். மத்திய அரசு அமைத்த நேஷனல் டிரஸ்டின் நிரமயா என்ற மருத்துவக் காப்பீடு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றுபோகிற வீட்டுக்கு அது பெரிய தொகை.

இப்போது அவனுக்கு ஆறு வயது. இரண்டு சொல் சேர்த்துக் கேட்கிறான், எல்லா நாளும் இல்லை. அம்மை மறுபடியும் ராகம் போட்டு ஊட்டுகிறாள். செவ்வாய்க்கிழமை எங்கள் முறை. அன்றைக்கு மட்டும் பால் எடுப்பதை வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள். நானும் அவனும் ஏழரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், நோட்டு பையில் இருக்கிறதா என்று மகள் முந்தின நாளே பார்த்துவிடுவாள்.