வீட்டுல ஆள் வைக்கிறதுக்கு முன்னாடி

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் இப்ப பல வீட்டுல வயசானவங்க மட்டும்தான், புள்ளைங்க சென்னை சிங்கப்பூர்னு இருக்காங்க, அதனால அவங்கள பாத்துக்க ஏஜென்சில ஆள் வைக்கிறது சகஜமாயிடுச்சு. சம்பளத்துல பேரம் பேசுற நாம, வர்றவங்க என்ன படிச்சிருக்காங்கன்னு கேக்குறதே இல்ல. நர்ஸ்னு சொன்னா நர்சிங் கவுன்சில் பதிவு இருக்கான்னு பாருங்க, அட்டெண்டர ஊசி போட விடாதீங்க.

படுத்த படுக்கையா இருக்கறவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவயாவது திருப்பிப் படுக்க வைக்கலன்னா முதுகுல இடுப்புல புண்ணு வந்துரும், எங்க பெரியம்மாவுக்கு அப்படித்தான் வந்துச்சு, பாத்துக்க வந்தவங்கள கேட்டா "வயசானா வரும் சார்"ங்கறாங்க, நல்லா சொன்னாங்க போங்க! யூரின் பைய கட்டில் மேல வைக்கவே கூடாது, இடுப்புக்குக் கீழதான் தொங்கணும். மூக்கு டியூப்ல கஞ்சி குடுத்தா தலைய உசத்தி வச்சுதான் குடுக்கணும், உடனே படுக்க வச்சிடக்கூடாது. முதியோர் உதவிக்கு 14567 இருக்கு, கால் ஃப்ரீ.