முற்றிப்போன வெண்டைக்காய்

காலையில் நறுக்கும்போது நாலு வெண்டைக்காய் முற்றியிருந்தது. கத்தி இறங்கவில்லை. கையால் பிளந்தால் விதைகள் மணிமணியாக உருண்டன.

குப்பையில் போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தென் மாநிலங்களில் இந்த விதையை வறுத்தும் காபி போட்டார்கள். 1861-இல் வடக்குப் படையின் கப்பல்கள் துறைமுகங்களை மறித்ததும் காபிக்கொட்டை வரத்து குறைந்துபோனது. உப்பும்தான்.

தென் மாநிலமான டெக்சாஸின் எல்லையில் புதிதாகக் காடு திருத்திய ஒரு குடும்பத்துச் சிறுமியை நினைத்துக்கொண்டேன். எட்டு, ஒன்பது வயது இருக்கும். அப்பா போருக்குப் போயாச்சு. மாடும் சோளக்காடும் அவளுக்கும் அம்மாவுக்கும்தான்.

இறைச்சிக்குப் புகைபோடும் கொட்டகையில் வருஷக்கணக்காக உப்பு சொட்டி ஊறிய மண்தரை. அதைத் தோண்டி, தண்ணீர் ஊற்றி வடித்து, காய்ச்சுவார்கள். அடியில் பழுப்பாகக் கொஞ்சம் உப்பு தங்கும்.

மண்ணிலிருந்து உப்பு! அந்தப் பிள்ளை அதைத் தொட்டு நக்கிப் பார்த்திருக்கும், நிச்சயம்.

அதே டெக்சாஸில், அவள் வயதில், அடிமையாகப் பிறந்த சிறுமிகளும் இருந்தார்கள். 1863-லேயே விடுதலை அறிவித்தாயிற்று. டெக்சாஸின் கால்வெஸ்டன் ஊரில் அதைச் சொல்லும் உத்தரவை வாசித்ததோ 1865 ஜூன் 19-இல். இரண்டரை வருஷம். அதை நினைத்தால்தான் நெஞ்சு அடைக்கிறது. அவர்கள் பறித்த பருத்திக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

விதைகளை முறத்தில் பரப்பி வெயிலில் வைத்திருக்கிறேன். நாளைக்கு வறுக்கணும்.