டெல்லிக் குளிரும் ஊரிலிருந்து வரும் பெற்றோரின் பிரஷரும்

ஆர்.கே.புரத்துக்கோ மயூர் விஹாருக்கோ நவம்பரில் வந்திறங்கும் அப்பா அம்மாவின் பையில் மூன்று மாத மாத்திரை இருக்கும். மதுரை வெயிலில் பார்த்து டாக்டர் எழுதிய அளவு அது. டிசம்பர் குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், வியர்வை குறையும், பிரஷர் ஏறும். வயது கூடக்கூட இந்த ஏற்றமும் கூடும். அதனால் வந்த வாரத்திலேயே வீட்டில் அளக்கத் தொடங்கிவிடுங்கள்.

காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, பாதங்கள் தரையில் படிய, 5 நிமிடம் பேசாமல் உட்காரட்டும். குளிரும் அறையில் அளக்காதீர்கள். ஸ்வெட்டர் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே கையை இறுக்கும், கழற்றிவிடுவதுதான் சரி. கை மேஜைமேல், இதய உயரத்தில் இருக்கட்டும். தொங்கினால் எண் கூடும். கையில் சுற்றும் சாதாரணப் பட்டை 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்குத்தான். பருத்த கைக்கு அதைச் சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும்.

காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை, 7 நாள் எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி பாருங்கள். அது 135/85ஐத் தொட்டால் டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். ஒரு தடவை 160 வந்ததற்காகப் பதறி மாத்திரையைக் கூட்டுவது மடத்தனம்.

ஏற்றிவிடுவது குளிர் மட்டுமல்ல. மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் பிரஷரையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். மூக்கடைப்பு மாத்திரைகளும் பிரஷரை ஏற்றும். அவற்றால் புராஸ்டேட் வீங்கிய அப்பாவுக்குச் சிறுநீரே அடைத்துக்கொள்ளலாம். ஊரிலிருந்து வந்த வடுமாங்காய், மோர்மிளகாய், அப்பளத்தையும் கணக்கில் சேருங்கள்: நாள் முழுவதற்கும் உப்பு 5 கிராம், ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். சோடியம் குறைந்த உப்பு பலவற்றில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்டான், ஸ்பைரனோலாக்டோன் என்ற பிரஷர் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

விடிகாலை நடை டெல்லிக் குளிர்காலத்துக்கு ஒத்துவராது. இரவெல்லாம் தேங்கிய புகை அப்போதும் கலைந்திருக்காது. மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போவதானாலும் வெயில் ஏறியபின் போகலாம்.

ஏப்ரலில் நிலைமை தலைகீழ். குளிரில் கூட்டிய மாத்திரை அப்படியே தொடர, வெயில் பிரஷரை இறக்கும். எழுந்ததும் தலை சுற்றி, விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். நீர் பிரியும் மாத்திரையோ புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசினோ எடுப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். 5 நிமிடம் படுக்கவைத்து அளந்து, பிறகு நிற்கவைத்து 1ஆம் நிமிடத்திலும் 3ஆம் நிமிடத்திலும் அளங்கள். அப்போது பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், அந்த வாரமே டாக்டரிடம் போங்கள்.